ஓட்டு வீட்டில் கோதிக் திகில் படவிரவு நடக்குமா?

2025 ஜூன் 14 – கல்முனையிலிருந்து ஒரு வாசகர்

"கோதிக் திகில் என்றால் கற்கோட்டை, பனிமூட்டம், கணப்படுப்பு, நீண்ட குளிர்கால இரவு. நமக்கு இருப்பதோ ஓட்டுக் கூரையும் உப்புக் காற்றும் கழுத்தில் வழியும் வியர்வையும். வீட்டில் நாலு பேரைக் கூட்டி அத்தகைய படமொன்றைப் போட்டால் அது திகிலாக முடியாது, சிரிப்பாகத்தான் முடியும். இப்பக்கத்தில் யாராவது செய்து பார்த்ததுண்டா?"

ஜூன் 14, இரவு

நான் மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறேன். செய்து பார்த்ததில்லை, ஆனாலும் உங்கள் கூற்றை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. இந்த வகைக் கதைகளுக்குக் கோட்டை வெறும் ஆரம்பம் மட்டுமே. 1764இல் ஹொரஸ் வோல்போல் எழுதிய நாவலில் கோட்டை இருந்தது. அதன் இரண்டாம் பதிப்பிலேதான் 'கோதிக் கதை' என்ற துணைத்தலைப்பும் சேர்ந்தது. பின்னால் வந்தவர்கள் அந்தக் கோட்டையைச் சுருக்கிப் பண்ணை வீடாக்கினார்கள், அதையும் சுருக்கி ஓர் அறையாக்கினார்கள். கடைசியில் எஞ்சியது, தன்னுள் நடந்ததை வாய்திறந்து சொல்லாத ஒரு வீடு. அப்படிப்பட்ட வீடு நம்மிடம் இல்லையென்று யார் சொன்னது? வெளிநாடு போனவர்கள் பூட்டிவிட்டுப் போன வீடு எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று உண்டு. மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து முற்றத்தைக் கூட்டிவிட்டுப் போகிறார். உள்ளே சுவர்க்கடிகாரம் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பது அவருக்கும் தெரியாது.

கோட்டைதான் வேண்டுமென்றால், போர்த்துக்கேயர் 1628இல் கட்டி ஒல்லாந்தர் 1638இல் பிடித்துக்கொண்டது புளியந்தீவில் நிற்கிறது. அங்கே இருந்த அரச அலுவலகங்களுக்கு நாம் போனதெல்லாம் படிவம் நிரப்ப. பேய் பார்க்க அன்று.

ஜூன் 15

வியர்வையைப் பற்றி நீங்கள் சொன்னதை நேற்று தாண்டிக்கொண்டு போய்விட்டேன். அது உண்மையான தடைதான். மின்விசிறியைப் போட்டால் அதன் கடகட ஓசை படத்தின் அமைதியைத் தின்றுவிடும். நிறுத்தினால் ஒரு மணி நேரத்தில் எல்லோரும் விசிறிமட்டை தேடுவார்கள். சன்னலைத் திறந்தால் வீதி விளக்கின் வெள்ளை வெளிச்சம் நேரே திரைக்கு வந்துவிடுகிறது. முற்றத்தில் நடத்தினால் இவை எல்லாவற்றுக்கும் ஒரே விடை கிடைக்குமென்று இப்போது தோன்றுகிறது.

ஜூன் 18

படத் தேர்வைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் 1931இன் டிராகுலாவைத்தான் நினைத்தேன். ஏறத்தாழ எழுபத்தைந்து நிமிடம். பின்னணி இசை கிட்டத்தட்ட இல்லை. டிராகுலாவாக நடித்த பெலா லுகோசி நிற்கிற நிலையே போதும். ஆனால் படம் முழுவதும் பேச்சு. எங்கள் வீட்டுக்கு வரப்போகிறவர்களில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ஓடுகிற ஆங்கில எழுத்தை வாசித்துக்கொண்டு அவர்கள் பயப்பட மாட்டார்கள். ஆகவே இன்னும் பின்னால் போய் இயக்குநர் முர்னாவின் 1922ஆம் ஆண்டு ஜெர்மன் ஊமைப்படமான நொஸ்பெராட்டுவைத் தெரிவுசெய்திருக்கிறேன். ஊமைப்படத்தில் மொழிச் சிக்கல் இல்லை. இடையிடையே வரும் எழுத்து அட்டைகளைத் தமிழாக்கி நானே உரத்து வாசிக்கலாம். படம் ஐந்து அங்கங்களாகப் பிரிந்திருப்பதால், தேநீருக்கு எங்கே நிறுத்துவது என்ற குழப்பமும் இல்லை.

எந்தப் பிரதியைப் போடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். அந்தப் படத்தின் இரவுக் காட்சிகள் பலவற்றைப் பகல் வெளிச்சத்தில் எடுத்துவிட்டுப் படச்சுருளுக்கு நீலச் சாயம் ஏற்றினார்கள். இணையத்தில் கிடைக்கும் மலிவுப் பிரதிகளில் அந்தச் சாயம் இல்லை. அதனால் இரத்தக்காட்டேரியான ஓர்லொக் பிரபு நடுப்பகலில் சந்தைக்குப் போகிறவரைப் போல நடந்து திரிகிறார். கதையின் முடிவோ காலை வெளிச்சம் பட்டு அவர் அழிவது. வெளிச்சம் பட்டால் இரத்தக்காட்டேரி சாகும் என்பதே இந்தப் படத்தோடு வந்த வழக்கம். இந்தப் படத்துக்கு மூலமான, 1897இல் வெளியான 'டிராகுலா' நாவலில் டிராகுலா பகலிலும் உலாவுகிறார். ஆகவே சாயமற்ற பிரதியில் பார்த்தால், படம் முழுக்க வெயிலில் திரிந்தவர் கடைசியில் வெயில் பட்டு ஏன் சாகிறார் என்று ஒன்பது வயதுப் பிள்ளைகூடக் கேட்கும்.

2024இல் வந்த புதிய நொஸ்பெராட்டுவைப் போடலாமே என்கிறார் அக்கரைப்பற்று வாசகர். அம்மாவை அருகில் இருத்திவைத்துக்கொண்டு பார்க்கும் படம் அன்று அது. அவ்வளவே.

ஜூன் 19

"தமிழில் இந்த வகையே கிடையாது" என்ற குறிப்புக்கு மறுப்பு. 1963இன் நெஞ்சம் மறப்பதில்லை இருக்கிறது. ஸ்ரீதர் இயக்கியது, பாழடைந்த மாளிகை, முற்பிறப்பு நினைவு, மகனின் காதலைத் தொடர்ந்து வரும் தந்தையின் வன்மம். ஒளிப்பதிவு செய்த வின்சென்ட்தான் அடுத்த ஆண்டே மலையாளத்தில் பஷீரின் கதையைப் 'பார்கவி நிலையம்' ஆக இயக்கினார். கறுப்பு வெள்ளையில் ஒரு வெறும் மாடிப்படியை எப்படிப் பயமாக்குவது என்று அறிந்த கை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்டது இந்தப் படத்தைத்தான். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜெர்மன் படம் என்றால் பெருமை என்று அப்போது நினைத்திருக்க வேண்டும்.

ஜூன் 28, ஒத்திகை

முற்றம் தோற்றுவிட்டது. மாமரத்துக்கும் கிணற்றுக் கட்டுத் தூணுக்கும் இடையில் இரட்டைப் படுக்கை விரிப்பொன்றை இழுத்துக் கட்டினோம். கச்சான் காற்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. இந்த மாதங்களில் மாலையில் அது வீசுகிற வீச்சில் விரிப்பு பாய்மரமாகப் புடைத்தது. பிரபுவின் முகம் ஒருமுறை பூசணிக்காயாகவும் மறுமுறை பாகற்காயாகவும் மாறியது. அண்ணனின் மகன் கச்சான் கொட்டையைக் கொறித்துக்கொண்டு, "கச்சானும் வேணும், கச்சானும் வேணாம்" என்றான். அதோடு ஒத்திகை கலைந்தது.

ஆகவே ஹோலுக்குள் வருகிறோம். வாடகைக்கு எடுத்த புரொஜெக்டருக்குப் படத்தின் அகலத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும். இரண்டு மீற்றர் அகலப் படத்துக்கு மூன்று மீற்றர். எங்கள் ஹோலின் நீளத்தில் அது கிடைக்கிறது, ஆனால் கதவு நிலைக்கு நடுவே மேசையை வைக்கவேண்டும். வாடகைக்குத் தந்த கடை சொன்ன வெளிச்ச அளவில் பாதியும் இல்லை. அறை நன்றாக இருண்டிருந்தால் குறையில்லை. சன்னல்களுக்குக் கறுப்புத் துணி தைத்தாயிற்று.

ஜூன் 29

நேற்றைய ஒத்திகையில் நான் எழுத மறந்த செய்தி ஒன்று, மற்றவற்றைவிடப் பயனுள்ளது. ஊமைப்படத்துக்கு ஓசை வேண்டுமென்று முதலில் உடுக்கை நினைத்தேன். அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார்: உடுக்கு சடங்குக்குரியது, பேச்சியம்மனுக்கு முன் தெய்வமாடுவதற்கு அடிப்பது, அதை இரவில் விளையாட்டுக்குத் தொடக்கூடாது. சரி என்று மத்தளத்துக்கு மாறினோம். அண்ணனின் மகன் வடமோடிக் கூத்துப் பழகுகிறவன். பிரபு முதன்முதலாகக் கோட்டை வாசலில் தோன்றும்போது அவன் தன்னையறியாமல் வரவுத் தாளத்தை எடுத்துவிட்டான். அடுத்த கணம் எங்களுக்குத் தெரிந்தது இரத்தக்காட்டேரி அன்று, கொலுவுக்கு வருகிற கூத்து ராசா. எல்லோரும் சிரித்துப் புரண்டோம்.

அதற்குப் பிறகு அவனே ஒரு தீர்வு கண்டான். சாதாரணக் காட்சிகளுக்கு மெல்லத் தட்டிக்கொண்டிருப்பது. பிரபு வந்ததும் கையை எடுத்துவிடுவது. பழகிய ஓசை சட்டென்று நின்றால் காது தானாகவே எதையோ தேடும். இருமுறை செய்து பார்த்தோம். இரண்டாவது தடவை எனக்கே முதுகு சில்லிட்டது. கல்முனை வாசகருக்கு: செலவு ஒரு சதமும் இல்லை.

ஜூலை 5

நாள் குறிப்பதில் சிக்கல். ஜூலை 10 போயா, விடுமுறை. அன்று செய்யலாமென்று கூறியவர்கள் முழுநிலவைப் பார்க்கவில்லை. கறுப்புத் துணியின் தையல் வழியேகூட நிலவு வரும். அதோடு, முழுநிலவு என்றால் நான் கல்லடிப் பாலத்தடியில் வள்ளத்தில் இருக்கவேண்டியவள். துடுப்பின் ஒரு முனையை நீருக்குள்ளும் மறுமுனையைக் காதிலும் வைத்துக்கொண்டு மீன் பாடுவதைக் கேட்கும் காலம் இது. அந்த ஓசை எந்தத் திகில் படத்து இசையையும்விட விநோதமானது. அது இருக்கட்டும்.

ஜூலை 19 சனிக்கிழமை நள்ளிரவு வரை நிலவு இல்லை. ஆனால் மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழா நடக்கும் நாட்களில் பேய்ப்படமா என்று அம்மா கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. ஆடி அமாவாசைத் தீர்த்தம் 24ஆம் தேதி முடிகிறது. 26 சனிக்கிழமைக்கு வைத்தாயிற்று. அமாவாசை கழிந்து இரண்டே நாள், கீற்று நிலவும் முன்னிரவிலேயே மறைந்துவிடும்.

ஜூலை 13

அலங்காரம், உணவு. சுருக்கமாக.

மெழுகுதிரி வேண்டாம், துணித் திரையும் காற்றும் உள்ள இடத்தில் அது மடமை. பரணில் கிடந்த இரண்டு அரிக்கன் லாம்புகளைத் துடைத்து எடுத்தேன். அவை பார்ப்பவர்களின் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கவேண்டும். முன்னால் வைத்தால் திரை வெளிறிவிடும்.

பனிமூட்டத்துக்குச் சாம்பிராணி. நுளம்புக்கும் நல்லது, புரொஜெக்டரின் ஒளிக்கற்றையும் புகையில் அழகாகத் தெரியும். "பேயைத் துரத்துகிற புகையைப் போட்டுவிட்டுப் பேயைக் கூப்பிடுகிறாயா?" என்றார் அம்மா. இது நியாயமான கேள்வி என்பதைப் பதிவுசெய்கிறேன்.

இரத்தத்துக்கு நெக்டோ என்ற சிவப்புச் சோடா. கறுப்புக்குத் தொதலும் எள்ளுருண்டையும். ரம்புட்டான் காலம் என்பதால் உரித்த பழத்தில் கறுப்பு முந்திரிகையைப் பதித்து வைத்தால் கண்விழி. பெரியவர்களுக்குக் கடலையும் றோல்ஸும், ஏனென்றால் கண்விழியை அவர்கள் தொடமாட்டார்கள்.

ஜூலை 16

இருளைப் பற்றி ஒருவர் எழுதிய குறிப்பு என்னை நிறுத்தியது: "2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டில் இருந்தோம், அதற்கு முன் வருடக்கணக்கில் குப்பி விளக்கு. நமக்கு இருட்டு அலங்காரமா?" எளிதாகப் பதில் சொல்லிவிடலாமென்று உட்கார்ந்தேன், வரவில்லை. நாமே அணைக்கிற விளக்கு வேறு, நம்மிடமிருந்து அணைக்கப்படுகிற விளக்கு வேறு என்று மட்டும் இப்போதைக்கு எழுதிவைக்கிறேன்.

ஜூலை 27, ஞாயிறு

நடந்தது. ஒன்பது வயதிலிருந்து எழுபத்துநான்கு வரை பதினொரு பேர். எல்லோரும் கறுப்பில் வரவேண்டுமென்று கேட்டிருந்தேன். நாலு பேர் வந்தார்கள், ஒருவர் கறுப்புக் குடையோடு.

ஏழு மணிக்கு முன் தொடங்க முடியாது. ஜூலையில் அதுவரை வானத்தில் வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். கதிரைகளை வெளியே போட்டுவிட்டு ஹோல் முழுவதும் பன்பாய் விரித்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த தோழியிடம், மட்டக்களப்பார் வந்தவரை மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்ற பழைய பேச்சை யாரோ நினைவூட்ட, அவள் படம் முடியும்வரை அரைமணிக்கொரு தடவை எழும்பி நின்று சரிபார்த்தாள்.

முதலில் படத்தின் வரலாற்றைச் சொன்னேன். நாவலின் உரிமை பெறாமலே பெயர்களை மாற்றிப் படமெடுத்தார்கள். ஆசிரியர் பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்தார். பிரதிகளை எல்லாம் அழித்துவிடும்படி 1925இல் தீர்ப்பாயிற்று. ஆனால் வேறு நாடுகளுக்குப் போயிருந்த பிரதிகள் தப்பிவிட்டன. பெரியவர்களுக்குப் படத்தைவிட இந்த வழக்கு பிடித்துவிட்டது. "உறுதிப்பத்திரம் இல்லாமல் காணியைப் பிடித்த மாதிரி" என்றார் மாமா. அந்த அம்மையாருக்கு நட்டஈடு கிடைத்ததா என்று கேட்டார். படமெடுத்த நிறுவனம் அதற்கு முன்பே நொடித்துப்போயிருந்தது என்றதும், இங்கேயும் அதுதான் நடக்கும் என்று திருப்தியோடு சாய்ந்துகொண்டார்.

கல்முனை வாசகரே, சிரித்தார்கள். ஓட்டத்தைக் கூட்டி எடுத்த குதிரை வண்டி துள்ளிக்கொண்டு வரும்போது சிரித்தார்கள். பிரபு தன் சவப்பெட்டியைத் தானே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊருக்குள் நடக்கும்போது ஒன்பது வயதுக்காரி, "கூலிக்கு ஆள் பிடிக்கக் காசு இல்லையா?" என்று கேட்டாள், ஐந்து நிமிடம் படம் ஓடியும் யாரும் பார்க்கவில்லை. நடுவில் மின்சாரமும் பத்து நிமிடம் போனது. அது திகிலான கட்டத்தில் போயிருந்தால் கதையாக எழுதலாம். வீட்டுத் தரகர் கடிதம் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் போனது. எல்லோரும் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் றோல்ஸ் சாப்பிட்டார்கள். புரொஜெக்டரின் விளக்கு ஆறுவதற்குள் மின்சாரம் போவது அதற்குக் கேடு என்பதால் நான் மட்டும் உண்மையாகப் பயந்தேன்.

ஆனால் கடைசி அங்கத்தில் மாடிப்படியில் பிரபுவின் நிழல் ஏறும்போது மத்தளம் நின்றது. ஹோலில் ஒரு மூச்சும் கேட்கவில்லை. கடல் இரைவது மட்டும் கேட்டது. அது எப்போதும் கேட்டுக்கொண்டிருப்பதுதான், நாங்கள் கவனிப்பதில்லை. நான் வாசிக்கவேண்டிய அட்டையை வாசிக்க மறந்து நின்றேன்.

ஜூலை 29

நேற்று முன்தினம் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். விட்டுவிட்டால் மற்றவர்கள் என் பிழையையே திரும்பச் செய்வார்கள்.

படத்தில் ஒரு கப்பல் வருகிறது. மாலுமிகள் எல்லோரும் இறந்துவிட, யாருமில்லாமல் அது துறைக்குள் தானாக மிதந்து வருகிறது. அதன் பிறகு ஊரில் கொள்ளைநோய். ஒடுங்கிய வீதி வழியே சவப்பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுமந்து செல்லப்படுகின்றன. அந்த இடத்தில் சின்னம்மா எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார். தேநீர் போடப் போகிறார் என்று நினைத்து நான் அட்டைகளை வாசித்துக்கொண்டே இருந்தேன். கேத்தில் அடுப்பில் ஏறிய சத்தம் கேட்கவில்லை. அந்தக் காட்சி முடிந்ததும் போய்ப் பார்த்தேன். விளக்கைப் போடாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் ஆழிப்பேரலை வந்த 2004 டிசம்பர் 26 வரை கடலோர நாவலடியில் இருந்தவர்.

"படம் நல்லாத்தான் இரிக்கு மனே," என்றார். "எங்களுக்குப் பெட்டியும் கிடைக்கல்ல."

பிறகு கேத்திலை எடுத்து வைத்தார். எத்தனை பேருக்குச் சீனி இல்லாமல் என்று கேட்டார். நான் எண்ணிச் சொன்னேன்.

ஜூன் 18இல் படத்தைத் தெரிவுசெய்தபோது எத்தனை நிமிடம், எந்தச் சாயம், எத்தனை அங்கம் என்றெல்லாம் பார்த்தவள், கடலிலிருந்து சாவு வருகிற கதையைக் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள வீட்டில், இந்த ஊர்க்காரருக்குப் போடுகிறேன் என்பதைப் பார்க்கவில்லை. நூறு வருடத்துக்கு முந்திய ஊமைப்படம், ஜெர்மன்காரர் முகப்பூச்சு, இது யாரை என்ன செய்யும் என்றிருந்தேன்.

ஆகஸ்ட் 2

"அப்படியென்றால் இப்பக்கத்தில் இந்தப் படங்களையே பார்க்கக்கூடாதா?" என்று கேட்டிருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை, சின்னம்மாவும் சொல்லவில்லை. கடைசிக் காட்சிகளுக்கு அவர் திரும்பி வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்று முழுவதையும் பார்த்தார். காலையில் அழைத்து, அந்தப் பெண் விடியும்வரை அவனைப் பிடித்துவைத்திருந்தது நல்ல கெட்டித்தனம் என்றார். அவரிடம் நான் முன்கூட்டியே கதையைச் சொல்லியிருந்தால் போதும்; கப்பல் வரும், பெட்டி வரும் என்று. எந்த இடத்தில் தேநீர் போடப் போவது என்பதை அவரே தீர்மானித்திருப்பார். கதையைச் சொன்னால் திகில் கெடும் என்ற பயம் எனக்கு இருந்தது. மாடிப்படி நிழலை ஒத்திகையில் நான் இருமுறை பார்த்திருந்தேன். சனிக்கிழமையும் முதுகு சில்லிட்டது. ஆகவே அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை.

இரவில் கதவு தட்டும் காட்சிகளும் அப்படித்தான். 1990இல் ஆட்கள் கொண்டுபோகப்பட்டுக் காணாமல் போனதை அறிந்தவர்கள் வருகிற வீட்டில் அந்தக் காட்சி எத்தனையாவது நிமிடத்தில் வருகிறதென்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 3

ஜூன் 14இல் நான் எழுதியதில் ஒரு திருத்தம். எங்கள் ஒழுங்கையில் பூட்டிய வீடுகள் மூன்று அல்ல, நான்கு. நான்காவது வீட்டுக்காரர் வெளிநாடு போகவில்லை. அதை எண்ணாமல் விட்டதற்குக் காரணம், நாங்கள் யாரும் அதை எண்ணுவதில்லை.

ஆகஸ்ட் 10

அடுத்தது நெஞ்சம் மறப்பதில்லை, செப்டெம்பரில். சின்னம்மாதான் நாள் பார்க்கிறார். மத்தளம் தேவையில்லை என்றதும் அண்ணனின் மகனுக்கு மனவருத்தம். இடைவேளையில் வாசிக்கட்டும் என்று முடிவாயிற்று. சாம்பிராணி பாதியளவு, இந்த முறை இரண்டு பேர் இருமிக்கொண்டே இருந்தார்கள்.

கல்முனை வாசகர் திரைத்துணியை இரவல் கேட்டிருந்தீர்கள். தரலாம். வலது கீழ் மூலையில் நெக்டோக் கறை இருக்கிறது. இரண்டு தடவை வெளுத்தும் போகவில்லை. அந்தப் பக்கத்தை மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள்.